ரிஜிஸ்டர் விலகாத அலை

போன மாதம் அப்பா டோக்கியோ வந்திருந்தார். நிஷி-கசாயில் எங்கள் வீட்டு ஹாலில் ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள். போன் கவர், டீ-ஷர்ட், காபி கப் என்று எல்லாவற்றிலும் வந்துவிட்ட, ஹொகுசாய் என்கிற ஜப்பானிய ஓவியரின் அந்த அலைதான். விரல் விரித்து நகத்தை நீட்டிய மாதிரி நுரை, அடியில் மாட்டிக்கொண்ட மூன்று படகு, தூரத்தில் பொடியாக ஃபூஜி மலை. 2024 ஜூலையில் வந்த புது 1000 யென் நோட்டின் பின்பக்கத்திலும் அதுதான் இருக்கிறது.

வந்த மறுநாள் காலை அப்பா காபி டம்ளரோடு படத்துக்குக் கிட்டப் போய் நின்றார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். சிவகாசியில் ஆஃப்செட் மிஷினில் முப்பத்தைந்து வருடம் நின்றவர். படம் என்று எதைக் காட்டினாலும் அதில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால் ஒரு கலரும் இன்னொரு கலரும் சேருகிற ஓரத்தைத்தான் பார்ப்பார்.

"எத்தனை கலர் ஓடியிருக்கு?"

"மிஷின் இல்லப்பா. மரப்பலகைல செதுக்கி, கையால அடிச்சது."

"கையாலயா? அப்புறம் ரிஜிஸ்டர் எப்படி விலகாம நிக்குது?"

ஒரு கலரோடு இன்னொரு கலர் இடம் விலகாமல் பொருந்தி விழுவதைத்தான் அச்சுத் தொழிலில் ரிஜிஸ்டர் என்பார்கள். கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கேட்டார். "இது அசலா, நகலா?"

முதல் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. இரண்டாவதற்கு ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன். ரயிலில் யோசித்துக்கொண்டே போனேன். இந்தக் கட்டுரை அந்த யோசனையின் மிச்சம்.

ரிஜிஸ்டர் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், அது எளிது. ஒவ்வொரு பலகையிலும் படத்துக்கு வெளியே இரண்டு அடையாளங்களைச் செதுக்கி வைப்பார்கள். கீழே வலது மூலையில் 'ட' மாதிரி ஒரு மடக்கு. அதே கீழ் ஓரத்தில், இடப்பக்கமாகக் கொஞ்சம் தள்ளி ஒரு நேர்க்கோடு. இவற்றுக்கு கென்டோ என்று பெயர். தாளின் மூலையை மடக்கில் உட்கார வைத்து, ஓரத்தை நேர்க்கோட்டில் முட்ட வைத்துவிட்டால் போதும். பத்துப் பலகை மாற்றினாலும் தாள் அதே இடத்தில்தான் விழும். அப்பாவிடம் இதைச் சொன்னபோது, "நம்ம சைடு லே மாதிரி" என்றார். மிஷினில் தாள் ஓரத்தை முட்டிச் சரிசெய்கிற இடத்தை அப்படித்தான் சொல்வார்கள்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அச்சடிக்கும் தாளை ஈரப்படுத்தித்தான் வைத்திருப்பார்கள். ஈரத்தாள் நீளும், காய்ந்தால் சுருங்கும். பலகையும் மரம்தான், நாளுக்கு ஒரு மாதிரி இருக்கும். இதற்கெல்லாம் ஈடுகொடுத்து கென்டோவை ஒரு மயிரிழை உள்ளே தள்ளிச் செதுக்குவதும், தேவைப்பட்டால் ஒரு சீவல் மரத்தை வைத்து அடைப்பதும் தனிக் கைவேலை. ஈரம் ஒரே சீராக இருக்க வேண்டும் என்பதற்காகவே தாள்களை அடுக்கி, நடுநடுவே நனைத்த தாள் வைத்து, இரவு முழுக்க அப்படியே விட்டு எடுப்பார்கள்.

இப்போது இரண்டாவது கேள்வி.

உக்கியோ-ஏ என்கிற இந்தப் படங்களுக்கு நான்கு பேர் வேண்டும். பணம் போட்டு, என்ன விற்கும் என்று கணக்குப் போட்டு, வேலையை ஆரம்பித்து வைப்பவர் பதிப்பாளர். அப்புறம் வரைபவர், செதுக்குபவர், அச்சடிப்பவர். வரைபவர் முழு ஓவியம் எதையும் வண்ணத்தில் தீட்டிக் கொடுப்பதில்லை. மெல்லிய தாளில் கருப்பு மையால் கோட்டுப்படம் மட்டும் போட்டுக் கொடுப்பார். அதற்கு ஹன்ஷிதா என்று பெயர். செதுக்குபவர் பலகையில் பசை தடவி அந்தத் தாளைக் குப்புற ஒட்டுவார். அப்புறம் விரல் நுனியால் தேய்த்துத் தேய்த்துத் தாளின் முதுகை உரித்து எடுப்பார். வெங்காயச் சருகு மாதிரி ஒரு படலம் மட்டும் பலகையில் மிஞ்சும். அதில் கோடுகள் இடவலம் மாறித் தெரியும். அப்புறம் கத்தி.

கத்தி ஓடி முடியும்போது அந்தத் தாள் சீவலோடு சீவலாகக் குப்பைக்குப் போயிருக்கும். ஹொகுசாய் தன் கையால் போட்ட அலைக்கோடு அப்படித்தான் போனது. இன்று உலகத்தில் எந்த மியூசியத்துக்குப் போனாலும் நாம் பார்ப்பது அந்தக் கோட்டின் இரண்டு பக்கமும் வேறொருவர் கத்தியால் நடந்து விட்டுவைத்த மர விளிம்பின் பதிவு. வேடிக்கை என்னவென்றால், படத்தில் கையெழுத்து இருக்கிற இடத்தில் 'முன்னாள் ஹொகுசாயான இஇட்சுவின் தூரிகை' என்கிற பொருளில் எழுதியிருக்கும். அவர் பெயரை மாற்றிக்கொண்டே இருந்த ஆள். தூரிகை என்று சொல்கிற அந்த எழுத்தும் கத்தியில் வந்ததுதான்.

இந்த ஹன்ஷிதா பிழைத்துக் கிடைப்பது அரிது. பிரிட்டிஷ் மியூசியம் 2020-இல் ஹொகுசாயின் 103 சிறிய கோட்டுப்படங்களை வாங்கியது. எல்லாவற்றையும் பற்றிய ஒரு படக் கலைக்களஞ்சியத்துக்காக வரைந்தவை. பழங்கால இந்தியா, சீனா, விலங்குகள், பறவைகள் என்று அதில் இல்லாதது இல்லை. அவை ஏன் பிழைத்தன என்றால், அந்தப் புத்தகம் வெளியாகவே இல்லை. பதிப்பாளர் வேலையை முடித்திருந்தால் 103-உம் பலகையில் ஒட்டி, தேய்த்து, செதுக்கி, காணாமல் போயிருக்கும். அவற்றின் படங்களை ஆன்லைனில் பெரிதாக்கிப் பார்த்தேன். தூரிகை வேகமெடுத்த இடத்தில் கோடு மெலிந்து, நின்ற இடத்தில் கொஞ்சம் மை தேங்கி, அது ஒரு ஆள் மூச்சு விட்டுக்கொண்டே போட்ட கோடு. அதை மரத்தில் கொண்டுவர ஒருவர் கத்தியை என்ன பாடுபடுத்தியிருக்க வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது.

பலகைக்கு மலைச் செர்ரி மரம். யமாசகுரா என்பார்கள். இறுக்கமான மரம், ஆனால் கல் மாதிரி கடினம் இல்லை. மரத்தை நீளவாக்கில் அறுத்த பலகை என்பதால் இழை ஒரே திசையில் ஓடும். இழையோடு போகும்போது கத்தி வழுக்கிக்கொண்டு போகப் பார்க்கும், குறுக்கே போகும்போது மரம் தெறிக்கப் பார்க்கும். செதுக்குபவர் ஒரே வளைவுக்குள் இந்த இரண்டையும் சமாளிக்க வேண்டும். கத்தியைப் பேனா மாதிரி பிடிப்பதில்லை. கைப்பிடியை முழு முஷ்டிக்குள் வைத்து, இன்னொரு கையின் விரலால் முனைக்கு வழி காட்டி, தன்னை நோக்கி இழுப்பார்கள். கோட்டுக்கு ஒரு பக்கம் ஒரு வெட்டு, மறுபக்கம் ஒரு வெட்டு. அதற்கப்புறம் உளியும் சுத்தியுமாகச் சுற்றியிருக்கிற மரத்தை எடுத்துத் தள்ளுவார்கள். கோடு மட்டும் நிற்கும்.

உதமாரோ என்கிற இன்னொரு உக்கியோ-ஏ ஓவியரின் பெண்கள் படத்தில் நெற்றியோரத்துக் கூந்தலைப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டருக்குள் இரண்டு மூன்று முடி, ஒவ்வொன்றும் நுனியில் மெலிந்து தோலுக்குள் மறைகிற மாதிரி. வரைபவர் பெரும்பாலும் இந்த முடியை ஒவ்வொன்றாகப் போட்டுத் தர மாட்டார். இங்கே கூந்தல் என்று காட்டிவிடுவார். மிச்சம் செதுக்குபவரின் கை. ஒரே பட்டறைக்குள்ளும் வேலை பிரிந்திருந்தது. உடை, பின்னணி எல்லாம் ஒருவர், முகமும் தலையும் மூத்தவர். பத்து வருடம் தொழில் கற்றுத்தான் தலைக்கு வர முடியும்.

ஹொகுசாய்க்கு இந்த வேலை தெரியும். பதின்ம வயதில் அவரே சில காலம் பலகை செதுக்கியிருக்கிறார். அதனால்தானோ என்னவோ செதுக்குபவர்கள் விஷயத்தில் மனுஷர் படுபிடிவாதம். எகாவா தோமெகிச்சி என்கிற செதுக்குபவர்தான் தன் படங்களுக்கு வேண்டும் என்று பதிப்பாளருக்கு எழுதிக் கேட்டிருக்கிறார். இன்னொரு கடிதத்தில், நான் போடாத கீழ் இமையை யாரும் சேர்க்க வேண்டாம் என்றும், மூக்கை உதகாவா என்கிற இன்னொரு ஓவியர் குழுவின் பாணியில் செதுக்குகிறார்கள், அது எனக்குப் பிடிக்காது என்றும் புலம்பி, இப்படி இருக்க வேண்டும், இப்படி இருக்கக் கூடாது என்று மூக்கு வரைந்தே காட்டியிருக்கிறார். எனக்கு ரொம்பப் பிடித்த கடிதம் இது. உலகமே கொண்டாடுகிற ஒரு ஓவியர், தன் பெயரில் வருகிற மூக்கு தன்னுடையதாக இருக்க வேண்டுமே என்று கடையில் கெஞ்சிக்கொண்டிருக்கிறார்.

அவர் பெயர் எல்லாருக்கும் தெரியும். எகாவாவை எத்தனை பேருக்குத் தெரியும்? அலையைச் செதுக்கியவரின் பெயர் படத்தில் எங்கேயும் இல்லை. அச்சடித்தவரின் பெயரும் இல்லை.

ஆரம்பத்தில் இப்படி இருக்கவில்லை என்பதுதான் எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. முதலில் கருப்பு மையில் மட்டும் அச்சடித்து, வேண்டுமானால் கையால் வண்ணம் பூசினார்கள். 1740-களில் இரண்டு மூன்று வண்ணப் பலகை வந்தது. முழு வண்ண அச்சு, 'நிஷிகி-ஏ' அதாவது பட்டுச்சரிகைப் படம், வந்தது 1765-இல். வந்த வழி வேடிக்கையானது. அன்றைய ஜப்பானியச் சந்திர நாட்காட்டியில் 30 நாள் மாதம், 29 நாள் மாதம் என்று இரண்டு வகை. எது எது நீண்ட மாதம் என்பது வருடா வருடம் மாறும். ஆனால் நாட்காட்டி அச்சடிக்கும் உரிமை சிலருக்கு மட்டும். எடோ நகரத்தில், அதாவது இன்றைய டோக்கியோவில், கவிதைக் குழுக்களில் இருந்த வசதியான ஆட்கள் இதற்கு ஒரு விளையாட்டுக் கண்டுபிடித்தார்கள். படத்துக்குள் மாத எண்களை ஒளித்து வைத்து அச்சடித்து, புத்தாண்டுக்கு ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டார்கள். நண்பர்களுக்குக் கொடுப்பது என்பதால் செலவைப் பார்க்கவில்லை. நல்ல தாள், நிறையப் பலகை, நிறைய வண்ணம்.

இவர்களுக்கு வரைந்தவர்களில் முக்கியமானவர் சுசுகி ஹருநோபு. 1765-இல் அவர் வரைந்த ஒரு படத்தில் திடீர் மழை, காற்று. கொடியில் காயும் துணியை எடுக்க ஒரு பெண் ஓடி வருகிறாள், வந்த வேகத்தில் ஒரு கால் செருப்பு கழன்றுவிட்டது. கொடியில் படபடக்கிற கிமோனோவின் வேலைப்பாட்டை உற்றுப் பார்த்தால் அந்த வருடத்துப் பெயரும், 2, 3, 5, 6, 8, 10 என்று நீண்ட மாதங்களின் எண்களும் கோலத்துக்குள் கோலமாக இருக்கும். இதன் சில படிகளில் செய்யச் சொன்னவர், வரைந்தவர், செதுக்கியவர், அச்சடித்தவர் எல்லார் பெயரும் இருக்கின்றன. அப்புறம் இதே பலகைகள் வியாபாரத்துக்கு வந்தன. வியாபாரத்தில் மிஞ்சியது ஹருநோபு பெயர் மட்டும்.

வண்ண அச்சே காலண்டரில்தான் பிறந்தது என்று அப்பாவிடம் சொன்னேன். "எந்த ஊர்ல பிறந்தா என்ன, காலண்டர்தானே சோறு போடுது" என்றார்.

சரி, அச்சடிப்பவரிடம் வருவோம். என் கணிப்பில் நான்கு பேரில் ரொம்பவும் குறைவாக மதிப்புப் பெற்றவர் இவர்தான். செதுக்கியவரின் திறமையாவது கோட்டில் தெரியும். இவர் செய்வது கண்ணுக்குத் தெரியாது.

இரண்டு வருடம் முன்னால், இங்கே ஒரு பட்டறையில் ஒருநாள் பயிற்சி என்று போட்டிருந்ததைப் பார்த்துப் போனேன். செதுக்குவதற்கெல்லாம் விடமாட்டார்கள். ஏற்கெனவே செதுக்கிய நான்கு பலகையில் போஸ்ட்கார்டு அளவுக்கு ஒரு ஃபூஜி மலையை அச்சடிக்க வேண்டும். சொல்லிக் கொடுத்தவருக்கு எழுபது வயது தாண்டியிருக்கும். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். எதிரே அச்சுமேசை, அவரிடமிருந்து அந்தப் பக்கம் சரிந்தது. சரிவு ஏன் என்று முதலில் விளங்கவில்லை. அவர் தேய்க்க ஆரம்பித்ததும் விளங்கியது. தோளிலிருந்து உடம்பின் எடை முழுவதும் கைக்குள் இறங்கி முன்பக்கமாகப் போகிறது.

பலகையில் கொஞ்சம் வண்ணக் கரைசல், ஒரு சொட்டு அரிசிப் பசை. குதிரைமயிர் பிரஷால் இரண்டையும் பலகை மேலேயே கலந்து பரப்புகிறார். அந்த பிரஷின் முடியை முன்கூட்டியே சுறாத்தோலில் தேய்த்து நுனி பிளக்க வைத்திருப்பார்களாம். இல்லாவிட்டால் பிரஷ் ஓடின கோடு அச்சில் தெரியும். அப்புறம் ஈரத்தாளை கென்டோவில் உட்கார வைத்து, அதன் முதுகில் பாரென் வைத்துத் தேய்க்கிறார். அச்சு இயந்திரம் என்று எதுவும் கிடையாது. இந்த பாரென் மட்டும்தான் இயந்திரம்.

உள்ளங்கை அளவு வட்டம் அது. நல்ல பாரெனைப் பிரித்தால் மூன்று பகுதி இருக்கும். முதுகில், மெல்லிய தாளைப் பல அடுக்கு ஒட்டி அரக்குப் பூசிய ஒரு தட்டு. உள்ளே, மூங்கில் பாளையைக் கீறி நூலாக்கி, முறுக்கிக் கயிறாக்கி, அதை நம் பிரிமணை மாதிரி சுருட்டி வைத்திருப்பார்கள். மேலே ஒரு மூங்கில் பாளையை இழுத்துப் போர்த்தி முறுக்கிக் கட்டியிருக்கும். உள்ளே இருக்கிற கயிற்றின் முடிச்சு முடிச்சான மேடுகள்தான் தாளை அழுத்துகின்றன. ஆயிரம் சின்னப் புள்ளிகள் ஓடிக்கொண்டே அழுத்துவதால் வண்ணம் தாளின் மேல் உட்காராமல் நாருக்குள் இறங்குகிறது. மேல்பாளை தேய்ந்துவிடும், அச்சடிப்பவர் தானே புதிது கட்டிக்கொள்வார்.

தாளும் இந்த அடிக்குத் தாங்க வேண்டுமே. கோசோ என்கிற மல்பெரி இனத்துச் செடியின் பட்டை நாரில் செய்த ஹோஷோ தாள். ஃபுகுயி மாகாணத்து எச்சிசென் பகுதி இதற்குப் பேர் போனது. பசைக் கரைசலும் படிகாரமும் பூசித்தான் அச்சுக்கு எடுப்பார்கள், இல்லாவிட்டால் வண்ணம் ஊறிப் பரவிவிடும். நாம் பார்க்கிற சாதாரணத் தாளை ஈரமாக்கி இப்படி இருபது தடவை தேய்த்தால் கூழாகிவிடும்.

என் முதல் தாள். மலை பச்சையாக நன்றாகவே வந்தது. பெருமையாக இருந்தது. இரண்டாவது பலகையில் வானம். தாளைத் தூக்கிப் பார்த்தால் மலையின் இடது தோளில் ஒரு வெள்ளைக் கீற்று. ரிஜிஸ்டர் போச்சு. கென்டோவில் மூலையை உட்கார வைத்தேன், ஓரத்தை முட்டக் கொடுக்காமல் கையை எடுத்துவிட்டேன். வானத்தில் வேறு பொடிப் பொடியாக வெள்ளைப் புள்ளிகள். பெரியவர் எட்டிப் பார்த்து, "கோமா" என்று சொல்லிச் சிரித்தார். கோமா என்றால் எள். பசை போதாமல், அழுத்தம் போதாமல் வண்ணம் எள்ளைத் தூவின மாதிரி விழுவதற்குத் தொழிலில் அதுதான் பெயர். வேண்டுமென்றே எள் விழவைக்கிற உத்தியும் உண்டு என்றார். என்னுடையது அந்த வகை இல்லை.

கடைசி பலகை பொக்காஷி. வானத்தின் உச்சியில் அடர்நீலமாக ஆரம்பித்துக் கீழே வரவர வெளிறி மறைகிறதே, அது. நான் நினைத்திருந்தது, அந்தச் சாயல் பலகையில் ஏதோ விதத்தில் செதுக்கியிருக்கும் என்று. பலகையைத் தடவிப் பார்த்தால் வழவழவென்று சமதளம். ஒன்றுமே இல்லை. ஈரத்துணியால் பலகையைத் துடைத்து, பிரஷின் ஒரு முனையில் மட்டும் வண்ணம் எடுத்து, உச்சியோரமாக ஒரே நேராக இழுக்கிறார். ஈரத்தில் நீலம் தானாகக் கசிந்து இறங்குகிறது. தாளை வைத்து, தேய்த்து, எடுத்தால் வானம் இருக்கிறது. அடுத்த தாளுக்கு மறுபடி துடைத்து, மறுபடி இழுக்க வேண்டும். நூறு படிக்கு நூறு தடவை. நான் இழுத்ததில் வானம் வரவில்லை, மலைக்கு மேலே ஒரு நீல ரிப்பன் வந்தது.

ஹிரோஷிகே என்கிற உக்கியோ-ஏ ஓவியரின் மழைப்படம் ஒன்று இருக்கிறது. 1857, ஷின்-ஓஹாஷி பாலத்தில் திடீர் மழை. மேலே கருமேகம், ஒழுங்கில்லாமல் அங்கங்கே திரண்டு தொங்கும். அதுவும் பொக்காஷிதான், பலகையில் மேகத்தின் உருவம் கிடையாது. அதனால் படிக்குப் படி மேகம் வேறு. மழை மட்டும் இரண்டு பலகை: ஒன்று கொஞ்சம் அடர்த்தி, இன்னொன்று வெளிறல், சாய்வும் வேறு வேறு. பாலத்தின் மேல் குடைக்குள் ஒடுங்கி ஓடுகிற ஆட்கள்மேல் அந்த நூல்கோடுகள் விழுகின்றன. ஒரு முழுப் பலகையில் அத்தனை நீளத்துக்கு மயிர்க்கோடுகளை மட்டும் நிற்க விட்டு மிச்சத்தை எடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். வான்கோ 1887-இல் இதை எண்ணெய் வண்ணத்தில் பார்த்து வரைந்தார். எனக்கு வான்கோவைப் பிடிக்கும், ஆனால் அந்தப் படத்தில் மழை நனைக்கவில்லை. தூரிகையால் போட்ட மழை அது. இது கத்தியால் விட்டுவைத்த மழை.

அப்பாவின் கேள்விக்குத் திரும்புகிறேன். என் சுவரில் இருப்பது ஒரு மறுபதிப்பு. இங்கே டோக்கியோவில் ஒரு பட்டறையில் புதிதாகச் செர்ரிப் பலகை செதுக்கி, கையால் அச்சடித்தது. பதினைந்தாயிரம் யென் சொச்சம் கொடுத்தேன். 1831 வாக்கில் நிஷிமுராயா யோஹாச்சி என்கிற பதிப்பாளர் கடையில் விற்ற பழைய படியோடு ஒப்பிட்டால் நகல்தான். அப்படியானால் அந்தப் பழைய படி எதற்கு நகல்? ஹொகுசாயின் கோடு சீவலில் போய்விட்டது. பலகையும் இல்லை. ஆயிரக்கணக்கில் அச்சடித்திருப்பார்கள் என்கிறார்கள். பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த ஒரு விஞ்ஞானி உலகம் முழுக்கத் தேடி 111 படிகளைக் கண்டுபிடித்து ஒப்பிட்டார். முந்தியது எது, பிந்தியது எது என்பதை எதை வைத்துச் சொல்கிறார்கள் தெரியுமா? தலைப்பைச் சுற்றி இருக்கிற இரட்டைக் கட்டத்தின் கோடு. முதலில் அடித்த படிகளில் முழுசாக இருக்கும். அடிக்க அடிக்கப் பலகை தேய்ந்து, ஒரு இடத்தில் கோடு உடைந்துவிட்டது. அதற்கப்புறம் வந்த எல்லாப் படியிலும் அந்த உடைசல் இருக்கிறது. அன்று இதன் விலை ஒரு கிண்ணம் சோபா நூடுல்ஸைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். 2023 மார்ச்சில் நியூயார்க் ஏலத்தில் ஒரு படி 27.6 லட்சம் டாலருக்குப் போனது.

அந்த நீலமும் அன்றைக்குப் புதுச் சரக்குதான். பெர்லினில் கண்டுபிடித்த பிரஷ்யன் நீலம். ஜப்பானியர் வாயில் 'பெரோ' ஆனது. 1830-ஐ ஒட்டி அது மலிவாகக் கிடைக்க ஆரம்பித்ததும், நிஷிமுராயா இதை வைத்து, அலையும் அடங்கிய ஃபூஜி மலைப் படவரிசையையே விளம்பரப்படுத்தினார். அலையில் கோட்டுப் பலகையைக்கூட வழக்கமான கருப்பில் அடிக்காமல் நீலத்தில் அடித்திருக்கிறார்கள். ஹொகுசாய்க்கு அப்போது எழுபது வயது. வரிசைக்குப் பெயர் 36 காட்சிகள். விற்பனை சூடு பிடித்ததால் இன்னும் 10 சேர்த்து 46 ஆயிற்று.

சனிக்கிழமை மதியம் வெயில் நேராக ஜன்னல் வழியாக வந்து படத்தின்மேல் விழுந்தது. அப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

"முதல்ல இதைக் கழட்டு. வெயில்ல கிடந்த போஸ்டர் எல்லாம் கடைசில நீலமாப் போயிரும், பார்த்ததில்ல? மஞ்சளும் மெஜந்தாவும் முதல்ல ஓடிரும்."

எடோ காலத்து மையில் இது தலைகீழ். பிரஷ்யன் நீலத்துக்கு முன்னால், கானாவாழை இனத்துப் பூவிலிருந்து எடுத்த ஒரு நீலத்தைப் பயன்படுத்தினார்கள். வெளிச்சம் பட்டால் அதுதான் முதலில் போகும், நீலம் மங்கிப் பழுப்பாகிவிடும். குசும்பாப் பூவின் சிவப்பும் நிற்காது. இரண்டும் சேர்ந்த ஊதா என்ன ஆகும் என்று கேட்கவே வேண்டாம். மியூசியத்தில் ஹருநோபு படங்களைப் பார்த்து 'என்ன ஒரு மென்மையான வண்ணம்' என்று உருகுகிறோமே, அதில் பாதி வெயிலின் வேலை. பாஸ்டனில் ஸ்போல்டிங் சகோதரர்கள் தங்களிடமிருந்த 6,000-க்கும் மேற்பட்ட அச்சுகளை 1921-இல் அந்த ஊர் நுண்கலை மியூசியத்துக்குக் கொடுத்தபோது ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள்: ஒருபோதும் காட்சிக்கு வைக்கக் கூடாது. அதனால் அங்கே ஊதா இன்னும் ஊதாவாகவே இருக்கிறது, இருட்டில்.

கழற்றி மேசைமேல் வைத்தோம். வைத்த கையோடு, போனில் யோஷிதா ஹிரோஷியின் படங்களை அப்பாவுக்குக் காட்டினேன். இருபதாம் நூற்றாண்டில் இந்தத் தொழிலுக்கு மறுபடி உயிர் கொடுத்தவர்களில் ஒருவர். செதுக்குபவர், அச்சடிப்பவர் பக்கத்திலேயே உட்கார்ந்து மேற்பார்வை பார்த்து, தனக்குத் திருப்தியான படிகளின் ஓரத்தில் 'ஜிசுரி', அதாவது 'தானே அச்சடித்தது' என்று ஒரு முத்திரை வைப்பார். 1926-இல் பாய்மரப் படகுகளை வரைந்து, கிட்டத்தட்ட அதே பலகைகளில் வண்ணத்தை மட்டும் மாற்றி மாற்றிக் காலை, மதியம், மூடுபனி, மாலை, இரவு என்று அடித்தவர். 1930 கடைசியில் மகனைக் கூட்டிக்கொண்டு இந்தியாவுக்குக் கிளம்பினார். தாஜ்மஹால், எல்லோரா, காசி, கஞ்சன்ஜங்கா என்று ஒரு வரிசையே போட்டார். அதில் மதுரைக் கோயிலும் இருக்கிறது.

"மதுரையா?" அப்பா போனை வாங்கி இரண்டு விரலால் விரித்து விரித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

அப்புறம் மேசையில் இருந்த ஃபிரேமைக் குப்புறப் போட்டு, "இதைத் திறக்கலாமா?" என்றார். பின்பக்கத்து ஆணிகளைக் கத்தியால் நிமிர்த்தி அட்டையை எடுத்தோம். தாளின் முதுகு தெரிந்தது. அலை அங்கேயும் இருந்தது, இடவலம் மாறி, வெளிறி. நீலம் தாளைக் கடந்து வந்திருக்கிறது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் பாரென் சுழன்ற தடம் அரைவட்டம் அரைவட்டமாகப் பளபளத்தது. அப்பா விரல் நுனியால் தொடாமல் அதன்மேலேயே கையை ஓட்டினார். "அழுத்தி அடிச்சிருக்கான்" என்றார்.

திருப்பினோம். இடது ஓரத்தில், ஃபிரேம்காரர் வைத்த மவுன்ட் அட்டை மறைத்திருந்த இடத்தில், பொடி எழுத்தில் ஒரு வரி. நான்கு வருடமாக என் சுவரில் இருக்கிற படம், நான் இதைப் பார்த்ததே இல்லை. காஞ்சி என்கிற ஜப்பானியச் சித்திர எழுத்து எனக்குத் தட்டுத்தடுமாறித்தான் வரும். 'ஹோரி' என்று ஒரு எழுத்து, அதன் கீழே ஒரு பெயர். 'சுரி' என்று ஒரு எழுத்து, அதன் கீழே ஒரு பெயர்.

"என்னடா போட்டிருக்கு?"

"செதுக்குனவர் பேரு. அடிச்சவர் பேரு."

அப்பா மவுன்ட் அட்டையை எடுத்துப் படத்தின்மேல் வைத்துப் பார்த்தார். எடுத்தார், மறுபடி வைத்தார். "ரெண்டு இன்ச் விட்டு வெட்டச் சொல்லு" என்றார்.

ஃபிரேம் கடையில் அந்த அளவுக்குத் தயார் சட்டம் இல்லையாம், செய்து தர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். அப்பா போன ஞாயிறு ஊருக்குப் போய்விட்டார். போகும்போது என்னுடைய அந்த எள் விழுந்த ஃபூஜி போஸ்ட்கார்டைக் கேட்டு வாங்கிப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக்கொண்டார். பழைய ஆட்களிடம் காட்ட வேண்டுமாம், ரிஜிஸ்டர் எப்படியெல்லாம் விலகும் என்று.

ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் இப்போது ஆணி மட்டும் இருக்கிறது. வேறு சுவர் பார்க்க வேண்டும்.